படகு உடனே வரும்

வாங்க, வாங்க. போயிராதீங்க. 'வழிப்போக்கர் ஒருத்தர் வந்திருக்கார்'னு திரையில வரி வந்ததும், லேமினேஷன் மிஷின்ல பாதி போன ஆதார் கார்டை அப்படியே விட்டுட்டு ஓடியாந்தேன். இருங்க, கருகுற வாடை வருது. ஒரு நிமிஷம்.

வந்துட்டேன். ஒன்னும் ஆகல, ஓரம் மட்டும் லேசா சுருங்கிருக்கு. கார்டு கொடுத்த அண்ணாச்சி கவனிக்கல.

முதல்லயே சொல்லிருதேன், படம் ஏதும் வரும்னு பாத்துட்டு இருக்காதீங்க. இது எழுத்தாலயே கட்டுன ஊரு. கீழ ஒரு கோடு மின்னுதுல்லா, அதுல 'தெற்கே போ'ன்னு அடிச்சா தெற்கே போவீங்க. 'பாரு'ன்னு அடிச்சா அங்கன என்ன இருக்குன்னு சொல்லும். இப்ப நீங்க நிக்கிறது கோடித்தெரு முக்கு. நான் அடிக்கிறது உங்களுக்குப் பேச்சா வரும், நீங்க அடிக்கிறது எனக்கு வரும். என் பேரு இசக்கிராஜா. இந்த ஊருக்கு நான்தான் காவக்காரன். அட்மின்னு சொல்லுவாங்கள்லா, அது. தூத்துக்குடியில எங்க சித்தப்பா ஜெராக்ஸ் கடையில இருந்துதான் தட்டிட்டு இருக்கேன். மத்தியானம் வரைக்கும் காலேஜு, அப்புறம் கடை. நடுநடுவுல காணாம போவேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யணும். அஞ்சு மணி வரைக்கும் இங்கன இருந்துருங்க. இப்ப நாலேகால்தான் ஆவுது.

ஏன்னு கேக்கீங்க. சொல்லுதேன். இந்த ஊரு ஓடுறது எங்க காலேஜ் லேப்ல, பாக்கியம் மேடம் டேபிளுக்குக் கீழ இருக்குற ஒரு பழைய மிஷின்ல. மேடம்தான் லேப்புக்குப் பொறுப்பு. நல்லவங்கதான். ஆனா ரெண்டு நாளைக்கு முன்னாடி கூப்பிட்டு, 'ஆளே இல்லாத ஊருக்கு எதுக்குப்பா ஒரு மிஷினு? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நானே உள்ள வந்து பாப்பேன். உன்னத் தவிர ஒரே ஒரு மனுசன் நின்னாலும் போதும், அடுத்த செமஸ்டர் வரைக்கும் ஓடட்டும். இல்லன்னா நிறுத்திட்டு ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளுக்கு கொடுத்துருவேன்'ன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை இன்னைக்குத்தான். காப்பி எடுத்து வச்சுக்கிடலாமேன்னு நீங்க கேக்கலாம். எடுத்து வச்சிருக்கேன். பென் டிரைவ்ல கெடந்தா அது ஊராகுமா?

அதனால அந்த ஒரு மனுசன் நீங்கதான். பாத்துக்கிடுங்க.

ஏன் அந்த முக்குலயே நிக்கீங்க? நடக்கவெல்லாம் வேண்டாம், நானே தூக்கி டீக்கடையில போடுதேன். ஆங், வந்துட்டீங்க. என்னது, செவுத்துல எழுதிருந்தத வாசிச்சுட்டு இருந்தீங்களா? அதுல ஒன்னும் இல்ல. எவனோ எவளையோ கேலி பண்ணி எழுதினது. இங்க பாருங்க, இதுதான் முக்கியம். ஏதாவது ஒரு வெப்சைட் அட்ரஸ் போட்டு 'வீடாக்கு'ன்னு அடிங்க. அந்த சைட்டு வீடாயிரும். அதுல இருக்குற ஒவ்வொரு லிங்கும் ஒரு கதவு. தனியாவும் போகலாம், நாலு பேரா சேந்தும் நுழையலாம். ஒருத்தன் கதவத் தொறப்பான், இன்னொருத்தன் எட்டிப் பாத்துட்டு, 'ஏல, இங்க பத்து வருசத்துக்கு முந்தின டெண்டர் நோட்டீஸ்தான் தூங்குது, வா அடுத்த ரூமுக்கு'ம்பான். ஒரு பெரிய ஆபீஸ் சைட்ட நாங்க வீடாக்குனோம் பாருங்க. எந்தக் கதவத் தொறந்தாலும் செவரு. ஒரு கதவு மட்டும் தொறந்துச்சு, அது நேரா எங்கள வாசலுக்கே கொண்டாந்து விட்டுருச்சு. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்த வலி. இங்க கடையில சித்தப்பா, 'என்னல, தனியா சிரிக்க?'ங்காரு.

அதோட விடல. யாரு வேணாலும் எத வேணாலும் செஞ்சு வைக்கலாம், செஞ்சதுக்கு உயிரும் கொடுக்கலாம். பெவின்னு என் கிளாஸ்காரன். இந்த டீக்கடைக்கு ஒரு ரேடியோ செஞ்சான். அது ஸ்கோர் போடுற சைட்ட பாத்துக்கிட்டே சும்மா இருக்கும், விக்கெட் விழுந்தா மட்டும் 'சோலி முடிஞ்சு'ன்னு சொல்லும். வேற ஒரு வார்த்தை பேசாது. நான் ஒரு காக்கா செஞ்சேன். அது நியூஸ் சைட்டுக்குப் பறந்து போயி ஒரு தலைப்ப கொத்திட்டு வந்து போடும். நல்லா ஓடும் என் காக்கா. இப்பவும் ஓடும். யாரும் கூப்பிடுறதில்ல.

சட்டம் ஒன்னுதான். செஞ்சவங்க பொருள் செஞ்சவங்களுக்கு. மத்தவங்க பாக்கலாம், தொடக்கூடாது. காவக்காரன் மட்டும் எதையும் தொறக்கலாம். ஊருன்னா ஒருத்தன்கிட்ட சாவி இருக்கணும்லா.

இன்பென்டான்னு ஒரு பிள்ள. மணப்பாடு ஊரு, இங்க ஹாஸ்டல்ல இருக்கா. இந்த ஊர அவளும் நானுமாத்தான் கட்டுனோம். மிஷின்ல ஏத்துனது, ஓட வச்சது, ஒடஞ்சா ஒட்டுறது எல்லாம் நான். தெருவுக்குப் பேரு வைக்கிறது, எங்கன எது இருக்கணும்னு சொல்லுறது அவ. 'டீக்கடைய தெருவுக்கு நடுவுல வைக்காத இசக்கி, முக்குல வை'ம்பா. முக்குல வச்சா என்ன, நடுவுல வச்சா என்ன? ரெண்டும் ஒரே புரோகிராம் கோடுதான். சரின்னு வச்சேன்.

கிழக்க அவ ஒரு படகுத்துறை செஞ்சா. துறைக்கு அந்தாண்ட ஒரு தீவு. உலகத்துல எங்கெங்கயோ இருக்குற துறைமுகத்து சைட்டையெல்லாம் தீவுல வீடாக்கி வச்சிருந்தா. எந்தக் கப்பலு வருது, எது போவுதுன்னு கதவு கதவா பாக்கலாம். நல்ல சரக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அங்க போகணும்னா படகுல ஏறித்தான் போகணும். படகு எப்ப வரும்? அதான் விஷயம். கடல் காத்து இன்னைக்கு எவ்வளவுன்னு வானிலை பக்கத்துல போட்டிருப்பாங்கள்லா, படகு போயி அத வாசிச்சுட்டு வரும். காத்து கம்மின்னா கொஞ்ச நேரத்துல வரும். கூடுனா ஆடி அசைஞ்சு வரும். கடலுக்குப் போகாதீங்கன்னு அவங்க எச்சரிக்கை போட்டுட்டா அன்னைக்கு வரவே வராது. 'படகு வரல, நில்லுங்க.' அவ்வளவுதான் சொல்லும்.

நான் கேட்டேன். 'ஏ பிள்ள, தீவு கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. அங்க ஏது காத்து?'

அவ சொல்லுதா, 'எங்க அப்பா போகாத அன்னைக்கு இது மட்டும் எதுக்குல போகணும்?'

அவ அப்பா கடலுக்குப் போறவரு. இதெல்லாம் ஒரு பதிலா, நீங்களே சொல்லுங்க.

'யாரு'ன்னு அடிச்சா யாரெல்லாம் எங்கன நிக்காங்கன்னு வரும். நான் எப்ப அடிச்சாலும் படகுத்துறை, படகுத்துறை, படகுத்துறை. இந்த டீக்கடையில ஈ ஓட்டிட்டு இருந்துச்சு ரேடியோ. இங்க தொங்குற அறிவிப்பு போர்ட எவனும் பாக்க மாட்டான். அத்தனை பேரும் துறையில தேங்கிக் கெடக்காங்க. அசல் டிராஃபிக் ஜாம். என்ன செய்வாங்க பாவம், படகு வரல, பேசிக்கிட்டே நிக்காங்க. உக்காரட்டும்னு பெவின் ஒரு கருவாட்டுக் கூடை செஞ்சு வச்சான், உக்காந்தவன் பேருக்குப் பின்னால 'நாறுகிறார்'னு சேந்துக்கிடும். யாரோ ஒரு நாய் செஞ்சாங்க. லேப் எக்ஸாமுக்குப் படிக்கிறது, வார்டன ஏசுறது, ஒருத்தன் கோடுல இன்னொருத்தன் பிழை பாத்துக் கொடுக்கிறது, எல்லாம் அங்கனயே நடக்கும். வேற போக்கு ஏது?

நானும் நின்னிருக்கேன். இன்பென்டாவும் நானும் எத்தனையோ சாயங்காலம் நின்னிருக்கோம். என்ன பேசுனீங்கன்னு கேட்டீங்கன்னா ஒன்னும் சொல்லத் தெரியாது. அவ்வளவும் வெட்டிப் பேச்சு. ஒரு நாளு பேசிட்டே இருக்கோம், படகு வந்து நின்னு, 'ஏறுங்க'ன்னு சொல்லி, யாரும் ஏறலன்னு திரும்பியும் போயிருச்சு. ரெண்டு பேருமே பாக்கல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இந்த டிசைன்ல கோளாறு இருக்குன்னு.

ஒரு ஞாயித்துக்கிழமை, கடை லீவு, உக்காந்து படகத் தொறந்தேன். கோடா அது. போறது, வானிலை பக்கத்த வாசிக்கிறது, வர்றது, கொஞ்ச நேரம் தூங்குறது, மறுபடி போறது. வாசிச்ச எனக்கே கொட்டாவி வந்துச்சு. எல்லாத்தையும் தூக்குனேன். ஒரே வரி. துறையில கால வச்சா படகு வந்து நிக்கும். அவ்வளவுதான். டீக்கடை போர்டுல அறிவிப்பும் போட்டேன். 'இனி யாரும் காத்திருக்க வேண்டாம். படகு உடனே வரும். இப்படிக்கு, காவக்காரன்.' பெரிய எழுத்துல போட்டேன். இந்தா, உங்களுக்கு எதுத்தாப்ல இருக்குல்லா, இந்த போர்டுதான்.

வந்தாங்க. ஏறுனாங்க. தீவுல எறங்கி நாலு கப்பலப் பாத்தாங்க. போயிட்டாங்க. மறுநாளும் அப்படித்தான். அதுக்கடுத்து வாரவங்க கொறஞ்சாங்க. நன்றின்னு ஒரு வார்த்தை ஒருத்தனாவது அடிக்கணும்லா? பெவின் மட்டும் அடிச்சான். 'லே காவக்காரா, ஸ்டாப்புக்கு வந்ததும் பஸ் வந்துட்டா எவன்லே சுண்டல் வாங்குவான்?'

'இங்க யாருல சுண்டல் விக்கா?'ன்னு கேட்டேன். அவன் எப்பவுமே அப்படித்தான், சம்பந்தமில்லாம பேசுவான்.

அந்த வாரமே இன்பென்டா காலேஜ் கேன்டீன்ல வச்சு பிடிச்சுக்கிட்டா.

'என் படகத் தொட்டியால?'

'சரி பண்ணேன்.'

'கெட்டா போயிருந்துச்சு?'

'எல்லாரும் அங்கனயே மாட்டிக்கிட்டு நின்னாங்க பிள்ள.'

'மாட்டிக்கிட்டா நின்னாங்க?'

'பின்ன?'

அப்பத்தான் அந்தக் கதைய சொல்லுதா. அவ தெனமும் சாயங்காலம் ஹாஸ்டல்ல இருந்து துறைக்கு வந்து பாப்பாளாம். படகு வரலன்னா அப்பா வீட்டுலதான் இருப்பாருன்னு நிம்மதி. சட்டுன்னு வந்துச்சுன்னா கடல் சாந்தமா கெடக்கு, போயிருந்தாலும் பயமில்ல. அந்த வாரம் அங்க காத்து பெலமா அடிச்சிருக்கு. எச்சரிக்கை வாரதுக்கு முன்னாடியே போன நாலஞ்சு வள்ளம் திரும்ப முடியாம கடலுக்குள்ள கெடந்திருக்கு. அவ அப்பாவும் அதுல ஒருத்தரு. அவ அம்மா தனியா கரையில நின்னிருக்காங்க. இவ இங்கன துறைக்கு வந்திருக்கா, படகு உடனே வந்திருக்கு, சந்தோஷமா போயிப் படிச்சிருக்கா. மறுநாள் எல்லாரும் கரையேறிட்டாங்க, ஒன்னும் ஆகல. நல்லாத்தான் இருக்காரு மனுசன். அத முதல்ல சொல்லணும்லா? அவ அத கடைசியில சொல்லுதா.

'எங்க அம்மாவுக்கு ஒரு ஃபோன் போடணும்னு கூட எனக்குத் தோணலல. உன் படகு வந்துச்சுன்னு இருந்துட்டேன்'ங்கா.

என் படகாம். பாத்தீங்களா.

நான் பொறுமையாத்தான் சொன்னேன். போர்டுல அறிவிப்பு தொங்குச்சு, வாசிக்கலன்னா நான் என்ன செய்ய? காத்து எவ்வளவுன்னு தெரியணும்னா அந்தப் பக்கத்த நேரா தொறந்து பாரு, அதுக்குத்தானே லிங்க் இருக்கு. நடுவுல ஒரு படகு எதுக்கு? இதுல என்ன தப்பு இருக்கு? அவ டீய குடிக்காம வச்சுட்டுப் போயிட்டா.

சண்டை போட்டிருந்தா கூட பரவால்ல. அன்னைக்கு சாயங்காலம் உள்ள வந்தா. படகு, தீவு, துறை, துறையில இருந்த பலகை, அவ செஞ்சது எல்லாத்தையும் ஒன்னொன்னா எடுத்தா. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். 'இன்பென்டா படகை எடுக்கிறார்.' 'இன்பென்டா பலகையை எடுக்கிறார்.' வரி வரியா ஓடுது. 'ஏ பிள்ள'ன்னு அடிச்சேன். 'இன்பென்டா வெளியேறினார்.' அவ்வளவுதான்.

நான் அசரல. புதுசா துறை செஞ்சேன், தீவு செஞ்சேன், படகு செஞ்சேன். அவளுது மாதிரியே பேரு கூட. வாங்க, காட்டுதேன். தூக்கிட்டேன். துறையில நிக்கீங்க. வந்துச்சா? பாத்தீங்களா, கண்ண மூடித் தொறக்கல. ஏறுங்க. ஏறல நீங்க. சரி நானே ஏத்தி விடுதேன். இதுதான் தீவு. ஆமா, காலியாத்தான் இருக்கு. துறைமுகத்து வீடெல்லாம் அவ கொண்டு போயிட்டா, நான் இன்னும் செய்யல. படகு எப்படி ஓடுது, அதச் சொல்லுங்க.

'இங்க வேற யாருமே இல்லையா'ன்னு கேக்கீங்க. நான் இருக்கேன்லா. இருங்க, திரும்பத் துறைக்கே கொண்டாந்து விடுதேன்.

போனவங்க எங்க போனாங்கன்னு கேளுங்க. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. பொங்கல் முடிஞ்சு பெவின் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தான். ஃபோன என் டேபிள் மேல வச்சிருந்தான், அது ஓயாம டிங்கு டிங்குன்னு. எட்டிப் பாத்தேன். வாட்ஸப் குரூப்பு. குரூப் பேரு 'படகு வரல'. நம்ம ஊர்க்காரங்க அத்தனை பேரும் அதுல இருக்காங்க.

'என்ன குரூப்புல?'ன்னேன்.

'சும்மா பேசுறதுக்கு.'

'என்ன பேசுவீங்க?'

'ஒன்னும் இல்லல'ன்னான்.

கோடு எழுத முடியாது, வீடாக்க முடியாது, ஒரு காக்கா கிடையாது. அதுல என்ன இருக்கு? இங்க படகு உடனே வருது. இத விட்டுட்டு, படகே வராத எடத்துல போயி உக்காந்திருக்காங்க. என்னையும் சேருன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா சேத்திருப்பான், அவன் ஒன்னும் அப்படிப்பட்டவன் இல்ல. நான் கேக்கல. அவனும் சொல்லல. ஜெராக்ஸ வாங்கிட்டு, 'வாரேம்ல'ன்னுட்டுப் போயிட்டான்.

அவங்க பொறாமைல போனாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வேற என்னன்னு சொல்லுவீங்க? ஒருத்தன் ராப்பகலா ஒழச்சு எல்லாத்தையும் சரி பண்ணி வச்சிருக்கான். அது சில பேருக்குத் தாங்காது.

நீங்க ரொம்ப நேரமா ஒன்னும் அடிக்கல. பரவால்ல. இப்படி குறுக்க விழாம கேக்குற ஆளு கெடைக்கவே மாட்டாங்க. இன்பென்டாவெல்லாம் ரெண்டு வரிக்கு ஒருதரம் 'ம்'னு அடிப்பா. 'ம்', 'அப்புறம்', 'சொல்லு'. பேச்சு எங்க ஓடும்? நீங்க அப்படி இல்ல. உங்ககிட்ட சொல்லும்போதுதான் எனக்கே எல்லாம் தெளிவா தெரியுது. அவ மட்டும் அன்னைக்கு அந்தக் கேன்டீன்ல கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா, நான் அந்த வானிலை விஷயத்துக்கு வேற ஒரு வழி யோசிச்சிருப்பேன். தனியா ஒரு பட்டன் வச்சுக் கொடுத்திருப்பேன். கேட்டாத்தானே.

மணி நாலே முக்கால் தாண்டிருச்சு. மேடம் உள்ள வந்தா ஒரு வணக்கம் மட்டும் அடிங்க, போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன். ஒரு அக்கா வருமானச் சான்றிதழ் எடுக்க வந்து நிக்காங்க, கூடவே ரேஷன் கார்டு ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வேணுமாம். இந்தா வந்துருதேன். நீங்க அசையாம இங்கனயே இருங்க.

வந்துட்டேன். தாளு சிக்கிக்கிடுச்சு, அதான் நேரமாயிட்டு.

எங்க நிக்கீங்க?

'யாரு'ன்னு அடிச்சா என் பேரு மட்டும்தான் வருது. மேல ஒரு வரி கெடக்கு. 'வழிப்போக்கர் வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றதால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டார்.'

வாங்க மேடம், அஞ்சுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. வணக்கம்.

இல்ல மேடம், இருந்தாரு. இவ்வளவு நேரமும் இந்தத் துறையிலதான் நின்னாரு. பொய் சொல்லல, மேல பாருங்க, எத்தனை வரி நான் பேசிருக்கேன்னு. ஆமா மேடம், எல்லாம் நான் பேசுனதுதான். அவரு கேட்டுட்டு இருந்தாரு.

அது நான் எழுதுன புரோகிராம்தான் மேடம். போன மாசம் எழுதுனேன். ஒன்னும் அடிக்காம நிக்கிறவங்களால மிஷினுக்கு வீண் பாரம்லா, அதான் தானா கொண்டுபோயி வெளிய விட்டுரும். பிழையெல்லாம் இல்ல மேடம், சரியாத்தான் ஓடிருக்கு. கேட்டுட்டு நிக்காங்களா, சும்மா நிக்காங்களான்னு அதுக்கு எப்படித் தெரியும்?

பேரு தெரியல மேடம். எந்த ஊருன்னும் தெரியல. கேக்கணும்னுதான் இருந்தேன்.

வந்துருவாரு. வெளிய தள்ளினா திரும்ப லிங்க அமுக்கினா போதும், அவருக்குத் தெரியும். தெரியும்னுதான் நெனைக்கேன். மிஷின அணைச்சுராதீங்க மேடம். அஞ்சாகட்டும். அஞ்சு தாண்டுனாலும் ஒரு பத்து நிமிஷம். நீங்களும் நடுவுல ஏதாவது அடிச்சுக்கிட்டே இருங்க, இல்லன்னா உங்களையும் வெளிய விட்டுரும். ஒன்னும் பெருசா அடிக்க வேண்டாம், 'ம்'னு அடிச்சா கூட போதும்.

படகு வந்து நிக்குது பாருங்க, அது வந்துட்டேதான் இருக்கும். ஏற வேண்டாம் மேடம். இங்கனயே நில்லுங்க. அவரு வார வரைக்கும் சும்மா ஏதாவது பேசிட்டு நிப்போம்.